மிச்சம் பதினைந்து வளைவு

டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். தாங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கேட்டு எழுதினால் பதில் சொல்லும் கடமை தங்களுக்கு வந்துவிடும். அந்தச் சிரமத்தைக் கொடுக்க விருப்பமில்லை.

பதினான்கு மாதம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் தங்கள் அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். யாருக்கு எழுதுகிறேன் என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். கல்லூரிக்கு என்றேன். நம்பவில்லை. கல்லூரிக்கு எழுதும்போது நான் இவ்வளவு அடித்து அடித்து எழுத மாட்டேனாம்.

பழைய கதையை முதலில் முடித்துவிடுகிறேன். தாங்கள் வெளிநாடு கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு, தங்கள் வீட்டு விருந்தில், ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும் படிவத்தை எடுத்து நீட்டினேன். கண் பார்வை சரியாக இருப்பதாக ஒரு மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும். மச்சினனே கண் டாக்டராக இருக்கும்போது வெளியே எதற்கு அலைய வேண்டும் என்று நினைத்தேன். தாங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னது அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "அத்தான், இடது கண்ணு போயிடுச்சு. இதை வச்சுக்கிட்டு நீங்க சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. நான் போட மாட்டேன்" என்றீர்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜையில் சொன்னீர்கள். தங்கள் மாமனார் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருடைய பல்செட் கழன்று தட்டில் விழுந்திருந்தால் நான் அன்றே எல்லாவற்றையும் மறந்திருப்பேன். விழவில்லை.

அதே மாதிரி ஒரு மேஜையில்தான், எங்களுக்குக் கல்யாணமான புதிதில், நுழைவுத் தேர்வுக்காக இரண்டு வருடம் தங்களுக்கு ஒளியியல் சொல்லிக் கொடுத்தேன். குவி லென்ஸ் எது குழி லென்ஸ் எது என்று தெரியாமல் விழித்த பையன், வளர்ந்து வந்து என் கண்ணைப் பற்றி எனக்கே பாடம் நடத்தினான். என் துறையில் எனக்கு வர வேண்டிய தலைமைப் பதவியை கல்லூரி முதல்வருக்கு ஜால்ரா போட்ட ஒருவன் தட்டிக்கொண்டு போனபோதுகூட எனக்கு அவ்வளவு எரியவில்லை. அவனிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை.

ஒரு வாரத்தில் வேறொரு மருத்துவரிடம் போனேன். என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். ஐந்து வருடத்துக்கு உரிமம் வந்தது. மிச்சமிருக்கும் கண்ணைக் காப்பாற்றத் தாங்கள் எழுதிக் கொடுத்திருந்த சொட்டு மருந்தை அன்றே நிறுத்தினேன். தங்களை வழியனுப்ப விமான நிலையத்துக்கும் வரவில்லை. தலைவலி என்று அக்கா சொல்லியிருப்பாள். தலைவலி இல்லை.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன சனிக்கிழமை. நானும் அக்காவும் தீவுக்குப் போயிருந்தோம்.

எங்கள் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு காலண்டர் தாள் ஒட்டியிருக்குமே, தாங்கள் பார்த்திருப்பீர்கள். ஏதோ மருந்துக்கடைக்காரர் கொடுத்தது. ஒரு பக்கம் பச்சை மலை, மறுபக்கம் கடல், நடுவில் பாம்பு மாதிரி ஒரு சாலை, கடைசியில் வெள்ளையாக ஒரு கலங்கரை விளக்கம். வருடம் முடிந்ததும் காலண்டரைத் தூக்கிப் போட்டோம். அந்தத் தாளை மட்டும் அவள் கிழித்து வைத்துக்கொண்டாள். மூன்று வீடு மாறியும் அது கூடவே வந்தது. இருபத்தாறு வருடத்தில் அவள் வாய்விட்டு என்னிடம் கேட்டது அந்த ஒரு சாலைதான். நானும் ஒவ்வொரு விடுமுறைக்கும் அடுத்த விடுமுறையைக் காட்டிக்கொண்டிருந்தேன். இந்த முறை ஏனோ சரி என்றேன்.

காரையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும் படகு இருக்கிறது. காரைப் பின்பக்கமாக ஏற்ற வேண்டும். படகுக்காரர் ஒருவர் நின்றுகொண்டு "வா வா வா, ஒடி, இன்னும் ஒடி" என்று கத்தினார். நான் இடப்பக்கக் கம்பியில் உரசிவிட்டேன். "சாரே, இவ்ளோ பெரிய கம்பி தெரியலையா?" என்றார். கழுத்துப் பிடிப்பு, திரும்ப முடியவில்லை என்று அக்கா எனக்கு முன்னால் பதில் சொன்னாள்.

இந்தக் கழுத்தைப் பற்றி விளக்க வேண்டும். தங்களுக்குத் தெரியும், ஆனாலும் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் சொல்வதையும் கேளுங்கள். இடது கண் போனால் இடப்பக்கம் கறுப்பாகத் தெரியும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கறுப்பாகத் தெரிந்தால் ஏதோ தெரிகிறது என்று அர்த்தம். இங்கே எதுவுமே இல்லை. அங்கே ஒன்று இருக்க வேண்டும் என்ற நினைப்பே வராது. ஒருநாள் எங்கள் தெருமுனையில் திரும்பும்போது ஒரு சைக்கிள்காரர் வானத்திலிருந்து விழுந்தவர் போலக் கண்ணாடிக்கு முன்னால் முளைத்தார். இடிக்கவில்லை. அன்றைக்குத்தான் அக்காவிடம் கழுத்து பிடித்திருக்கிறது, இடப்பக்கம் பார்த்துச் சொல் என்றேன்.

அன்றிலிருந்து அவள் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். இடப்பக்கம் ஒன்றும் இல்லையென்றால் "போலாம்" என்பாள். ஏதாவது வந்தால் "இருங்க" என்பாள். வேறு வார்த்தை கிடையாது. நாலைந்து வாரத்தில் பழகிப்போனது. சந்தைக்கு, கல்லூரி விழாவுக்கு, துக்க வீட்டுக்கு என்று எங்கே போனாலும் அவள் முன்னிருக்கையில் உட்கார்ந்து போலாம், இருங்க, போலாம், இருங்க. பின்னால் உட்கார்ந்து வந்த என் சகா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "வீட்டு நிர்வாகம் ரோட்டுக்கும் வந்தாச்சா சார்?" என்றார். சிரித்து வைத்தேன். கழுத்து ஒரு வருடமாகப் பிடித்தபடியே இருந்தது. அவளும் எதுவும் கேட்கவில்லை. சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

தீவில் காலை ஒன்பது மணிக்கு விடுதியிலிருந்து கிளம்பினோம். சாலை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை இருக்கிறது. 'வளைவுகள் 41. ஒலி எழுப்பவும்.' ஒவ்வொரு வளைவிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கல், அதில் எண். போகும்போது மலை இடப்பக்கம், கடல் வலப்பக்கம். ஒன்றரை வண்டி அகலம்தான் சாலை. வளைவுக்கு முன்னால் ஒதுங்கி நிற்க இடம் விட்டிருக்கிறார்கள். எதிரில் வண்டி வந்தால் அங்கே நின்று வழி விட வேண்டும். வருகிறதா இல்லையா என்பது மலையைச் சுற்றி இடப்பக்கமாக எட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்தச் சாலைக்கு நான் எவ்வளவு பொருத்தமான ஓட்டுநர் என்று தாங்களே சொல்வீர்கள்.

இடம் நன்றாகத்தான் இருந்தது. மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருக்க வேண்டும். பாறையிலிருந்து தண்ணீர் வழிந்து சாலையைக் குறுக்கே கடந்து கடல் பக்கம் இறங்கியது. தென்னைகள் நேராக நிற்க இடமில்லாமல் கடலின் மேல் சாய்ந்து நின்றன. ஏழாவது வளைவில் தண்ணீர் பச்சை, பதினொன்றில் நீலம், பதினைந்தில் மேகம் மறைத்துச் சாம்பல். இதையெல்லாம் நான் பார்த்தேன். என் வலது கண் பக்கம்தானே கடல்.

அக்கா பார்க்கவில்லை. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவள் முன்பக்கக் கண்ணாடியோடு ஒட்டி உட்கார்ந்து, இடப்பக்கம் மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். போலாம், போலாம், இருங்க. "என்னம்மா நிறம் பாரு" என்று நான் இரண்டு மூன்று தடவை சொன்னேன். "ம்" என்றாள். ரசனை இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தாறு வருடம் ஒரு தாளைப் பத்திரமாக வைத்திருந்தவளைப் பற்றி அப்படி நினைத்தேன்.

இருபதாவது வளைவில் வண்டியை ஓரம் கட்டி, பிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்தோம். அங்கேதான் அவள் தங்கள் பேச்சை எடுத்தாள். தம்பி நேற்று பேசினான், உங்களை விசாரித்தான் என்றாள். எனக்கு அங்கிருந்து சூடு ஏறியது. மறுபடி வண்டியை எடுத்த பிறகும் நான் நிறுத்தவில்லை. விருந்து, மேஜை, பல்செட், இரண்டு வருட ஒளியியல், எல்லாம் வந்தது. தங்கள் பட்டமளிப்பு விழாவில் எனக்கு நாலாவது வரிசையில் இடம் போட்டதுகூட வந்தது. இருபத்தாறாவது வளைவுக்கு முன்னால் ஒதுங்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்தேன். அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். பேச்சை மட்டும் நிறுத்தாமல், உன் தம்பி என்னைப் பொட்டைக்கண்ணன் என்று எட்டுப் பேர் முன்னால் சொன்னான் என்றேன். அவள் ஒரு வார்த்தை சொன்னாள். 'போ' என்ற எழுத்து காதில் விழுந்தது. நான் வண்டியை விட்டேன்.

எதிரில் ஒரு சின்ன லாரி. நிறைய பிளாஸ்டிக் நாற்காலிகள், சிவப்பு நிறம், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிரேக் அடித்தோம். இடைவெளி ஒரு சாண் இருந்திருக்கும். வண்டிகள் முட்டவில்லை. ஆனால் லாரியில் கயிறு அறுந்து நாற்காலிகள் முன்பக்கமாகச் சரிந்து, அந்த டிரைவர் தலைக்கு மேலே கூரையில் ஏறி, எங்கள் வண்டி மேல் மளமளவென்று கொட்டின. முன்கண்ணாடி முழுக்க நாற்காலிக் கால்கள். நீ சிரிக்காதே. அந்த ஐந்து நொடியில் அக்கா ஒரு கையை என் மார்புக்குக் குறுக்கே நீட்டியிருந்தாள். சின்னக் குழந்தையை முன்னால் விழாமல் பிடிக்கிற மாதிரி.

லாரிக்காரர் இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், தொண்டை எட்டு ஊருக்குக் கேட்கும். "யோவ்! பெரிய மனுஷனாட்டம் இருக்கே, கண்ணை வீட்ல வச்சுட்டு வந்துட்டியா? தெரியலைன்னா மூலையில உக்கார வேண்டியதுதானே? எதுக்குய்யா ரோட்டுக்கு வர்றே?" என்றார். இதைத்தான் நீயும் சொன்னாய். நீ நாகரிகமாகச் சொன்னாய் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது. வகுப்பறையில் இருபத்தேழு வருடம் பேசியவன், கண்ணாடியில் கிடந்த நாற்காலிக் கால்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா இறங்கிப் போய், "தம்பி, தப்பு எங்க மேலதான். இவருக்கு இடது கண்ணு தெரியாது" என்றாள்.

நான் அதை இதற்கு மேல் விவரிக்க விரும்பவில்லை. ஒரு வருடமாக யார் வாயிலும் வராத வாக்கியத்தை, முன்பின் தெரியாத ஒரு நாற்காலி லாரிக்காரரிடம், நேரம் என்ன என்று சொல்வது போலச் சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். "அக்கா, முதல்ல உக்காருங்க" என்று விழுந்து கிடந்த நாற்காலிகளில் ஒன்றை எடுத்துத் துடைத்து, சாலை நடுவிலேயே போட்டார். இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் போட்டுவிட்டு என்னிடம், "நீங்களும்தான் சார், நின்னு என்ன பண்ணப் போறீங்க?" என்றார். குரலில் இன்னும் காரம் இருந்தது. ஆனால் 'யோவ்' போய் 'சார்' வந்திருந்தது.

நான் உட்காரவில்லை. அவரோடு சேர்ந்து நாற்காலிகளைப் பொறுக்கினேன். மொத்தம் அறுபது. துறைமுக அலுவலகத்தில் யாரோ ஓய்வு பெறுகிறாராம், சாயங்காலம் பாராட்டு விழாவாம். ஐம்பத்தொன்பது கிடைத்தது. ஒன்று கீழே பாறை இடுக்கில், நாலு காலும் வானத்தைப் பார்க்க, அலை வந்து வந்து மோதக் கிடந்தது. இறங்கி எடுக்க வழியில்லை. என்ன செய்வது என்று கேட்டேன். "யாராவது ஒருத்தர் நின்னுக்கிட்டே கைதட்டட்டும் சார்" என்றார். நாற்காலிக்கான பணத்தைக் கேட்டு எழுதுங்கள் என்று அவரிடம் என் முகவரியைக் கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கும் எழுதமாட்டார் என்று தோன்றுகிறது.

அந்த அரைமணி நேரமும் அக்கா சிவப்பு நாற்காலியில், சாலை நடுவில், கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஓடி ஓடிப் பொறுக்கியதை அவள் கவனித்த மாதிரியே இல்லை. கடைசியில் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "படத்துல இருந்ததைவிட நல்லாத்தான் இருக்கு" என்றாள். அன்றைக்குக் காலையிலிருந்து அவள் கடலைப் பார்த்தது அப்போதுதான் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் புரிந்தது. சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக நான் சொன்னது, நீதானே போலாம் என்றாய் என்பது. நான் இப்படித்தான், உனக்குத் தெரியாததா? அவள் கடலிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "போலாம்னு சொல்லலை. போதும்னு சொன்னேன்" என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன். இரண்டு சொல்லுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான். என் பேச்சுக்கும் இன்ஜின் சத்தத்துக்கும் நடுவில் அந்த ஓரெழுத்துத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. மிச்சத்தை என் வசதிக்கு நானே போட்டுக்கொண்டேன். இந்தச் சொற்களைத் தேர்ந்தெடுத்தது தவறு, கேட்டதும் பிரித்தறியக்கூடிய சொற்களாக வைத்திருக்க வேண்டும் என்று விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "எதைப் போதும்னு சொன்னேன்னு நீங்க இன்னும் கேக்கவே இல்லை" என்றாள்.

(இத்தனை நேரம் 'தாங்கள்' என்று எழுதி வந்தவன் எங்கே 'நீ'க்கு வந்தேன் என்று தெரியவில்லை. திருப்பிப் பார்த்தால் நாற்காலி கொட்டிய இடம். திருத்தப் போவதில்லை. இரண்டில் எது மரியாதை என்று நீயே முடிவு செய்துகொள்.)

நேற்று இந்த இடத்தில் நிறுத்தினேன். அக்கா காபியோடு உள்ளே வந்துவிட்டாள். தாளைக் கவிழ்த்து வைத்தேன். "தம்பிக்குத்தானே? கழுத்து வலி எப்படி இருக்குன்னும் ரெண்டு வரி எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மீதியை இன்று எழுதுகிறேன்.

லாரி போன பிறகு நான் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன். அவள் எனக்கு முன்னால் வந்து நின்று கையை நீட்டி "சாவி" என்றாள். பயந்துவிட்டாள், இனி வண்டி வேண்டாம் என்கிறாள் என்று நினைத்தேன். இந்தக் காட்டில் பேருந்து கிடைக்காது என்றேன். "பஸ்ஸு எதுக்கு? நான் ஓட்டுறேன். நீங்க அந்தப் பக்கம் போங்க" என்றாள். நான் சிரித்தேன். அவள் கைப்பையைத் திறந்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாள். ஓட்டுநர் உரிமம். அவள் படம். நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி.

போன வருடம் அவள் மூன்று மாதம் தையல் வகுப்புக்குப் போனாள். நான் கல்லூரியில் இருக்கும் நேரத்தில், மதியம் இரண்டிலிருந்து நாலு. வகுப்பு முடிந்ததற்கு அத்தாட்சியாக ஒரு தலையணை உறையும் கொண்டுவந்து காட்டினாள். தையல் நேராக இருக்கிறது என்று பாராட்டினேன். கடையில் வாங்கியதாம். அந்தத் தலையணையில்தான் நான் எட்டு மாதமாகத் தலை வைத்துப் படுக்கிறேன். அவள் போனது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு. சேர்த்துவிட்டது யார் என்று கேட்டேன். அவள் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "நீ கத்துக்கோக்கா, என்னைக்காவது ஒருநாள் உதவும்" என்று அங்கிருந்து தொலைபேசியில் ஓதியவன் நீ. என் வீட்டுக்குள், என் முதுகுக்குப் பின்னால் நடந்த இந்தச் சதிக்காக உன்மேல் எனக்கு இன்னொரு வருத்தம் உண்டு. பட்டியலில் சேர்த்துக்கொள்.

கழுத்து வலியை எப்போதிலிருந்து நம்பவில்லை என்றும் கேட்டேன். "முதல் நாள்லேர்ந்து. கழுத்து வலிக்குது வலிக்குதுங்கறீங்க, ஒருநாளாவது தைலம் கேட்டீங்களா?" என்றாள். திட்டமிட்டுப் பொய் சொல்பவன் தைலம் வரை யோசித்திருக்க வேண்டும்.

கலங்கரை விளக்கம் இன்னும் பதினைந்து வளைவு தள்ளி இருந்தது. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாமா என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு "இன்னைக்குப் போதும்" என்றாள். இந்த முறை முழுச் சொல்லும் என் காதில் விழுந்தது.

திரும்பும்போது மலை அவள் பக்கம், கடல் என் பக்கம். நான் இடது இருக்கையில் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். பத்தடி கீழே கடல் இருந்திருக்கும். எனக்கு அது இல்லை. தலையை முழுவதும் திருப்பினால் பார்த்திருக்கலாம். திருப்பவில்லை. என் நல்ல கண் இருந்த பக்கம் உன் அக்கா இருந்தாள்.

கியர் மாற்றும்போது நாக்கு நுனியை உதட்டோரத்தில் கடித்துக்கொள்கிறாள். வளைவு வரும் முன்பே வேகத்தைக் குறைக்கிறாள், ஒலி எழுப்புகிறாள், வளைவு முடிந்ததும் தனக்குத்தானே லேசாகத் தலையை ஆட்டிக்கொள்கிறாள். இடது மணிக்கட்டுக்கு மேலே சூடுபட்ட தழும்பு ஒன்று, இரண்டு விரல் நீளம். எப்போது என்று கேட்டேன். "போன வருஷம், குக்கர் மூடி" என்றாள். ஒரு வருடம் அது என் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. பழக்கதோஷத்தில் ஒரு வளைவில் நான் "போலாம்" என்று சொல்லிவிட்டேன். "தெரியுதுங்க" என்றாள். சிரித்தாள். அவ்வளவு பக்கத்தில் அவள் சிரிப்பதைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று கணக்குப் போட முயன்றேன். வரவில்லை.

ஒன்பதாவது கல்லில், எதைப் போதும் என்று சொன்னாய் என்று கேட்டேன். ஒரு வேன் வந்தது. ஒதுங்கி நின்று வழி விட்டாள். நான்காவது கல் தாண்டியபோது சொன்னாள். "தம்பியைத் திட்டுறதை. கழுத்து வலியை. ரெண்டுல எது முதல்ல முடியுதோ முடியட்டும். இனி நான் உங்க பக்கத்துல உக்காந்து போலாம் இருங்க சொல்ல மாட்டேன். நீங்க ஓட்டுனா நான் ஏற மாட்டேன்." கோபமே இல்லாமல் சொன்னாள். இதை அவள் வெகுநாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது.

பதினான்கு மாதம் சொட்டு மருந்து போடவில்லை. இதை அக்காவிடம் தீவிலிருந்து வந்த அன்று சொன்னேன். நேரே போய் மருந்துக்கடையிலிருந்து புது பாட்டில் வாங்கி வந்து வைத்தாள். அன்றிலிருந்து போட்டுக்கொள்கிறேன். கை நடுங்கிக் கன்னத்தில் வழிகிறது, அவள் போட்டுவிடுகிறாள். கடந்த இரண்டு மாதமாக வலது கண்ணிலும் மூக்கை ஒட்டிய பக்கம் ஒரு மங்கல் தெரிகிறது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் இல்லை. இடது கண்ணில் ஆரம்பித்ததும் இப்படித்தான், அது என்னவென்று எனக்குத் தெரியும். உன்னிடம் கேட்க மனம் வராததால் தெரியாத மாதிரி இருந்தேன். இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே, சொல்ல வேண்டியது நான்.

இந்தக் கடிதத்தோடு என் உரிமத்தை வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட மறுத்தது. உன்னிடமே இருக்கட்டும். இங்கே இருந்தால் என்றைக்காவது ஒரு கோபத்தில் எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

அக்காவுக்கு எழுதும்போது, அவள் வண்டி ஓட்டுவதை அத்தான் குறை சொல்லவில்லை என்று எழுது. நன்றாக ஓட்டுகிறாள் என்று எழுதினாலும் பிழையில்லை. அதை நான் சொன்னால், எதற்கோ அடிபோடுகிறார் என்று நினைப்பாள்.

மழைக்காலம் முடிந்ததும் மறுபடி போக வேண்டும் என்கிறாள். மிச்சம் பதினைந்து வளைவு இருக்கிறது. அவள் ஓட்டுவாள். போகும் திசையில் கடல் வலப்பக்கம். அவளைத் தாண்டி அந்தப் பக்கம். ஒரே பார்வையில் இரண்டும் எனக்குத் தெரியும். இன்னும் நான்கு மாதம். இந்தக் கண் அதுவரை தாங்குமா, தாங்க வைக்க என்ன செய்ய வேண்டும் என்று எழுது. எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுது. எத்தனை பேர் மேஜையில் இருந்தாலும் பரவாயில்லை.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். உன் மாமனாரைக் கேட்டதாகச் சொல். குளிர் ஊரில் இருக்கிறாய், உடம்பைப் பார்த்துக்கொள். உன் கையில் இன்னும் எத்தனையோ பேருடைய கண் இருக்கிறது. அந்தக் கை நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்